நாலாவது வரிக்குக் கைநாட்டு இல்லை

பிராண்டே
12 தை 2025

தங்கச்சி மகள் சுஜீதாவுக்கு, நாகமுத்து அம்மான் சொல்ல யோகம்மா எழுதுவது.

உறையின் மேலே பிராண்டே என்று கண்டதும் கிழித்துப் போட்டுவிடாதே. தொலைபேசியில் என் இலக்கத்தை நீ மறித்து வைத்திருக்கிறாய். நாம் கடைசியாகக் கதைத்தது 2022ஆம் ஆண்டு ஐப்பசி முதலாம் திகதி, சனிக்கிழமை. இரண்டு வருடம், மூன்று மாதம், பதினொரு நாள். “நீங்களும் உங்கட ஓமும்” என்று சொல்லிவிட்டு வைத்தாய். பின்னால் உன் மகள் துஷாரா எதற்கோ அழுதுகொண்டிருந்தாள்.

எனக்கு எழுத்துத் தெரியாதென்பது உனக்குத் தெரியும். யோகம்மா எங்கள் முதியோர் வீட்டுத் தொகுதியில் எனக்கு அடுத்த கதவு. ஊரில் இருபத்தாறு வருடம் படிப்பித்தவ, ஜனவரியைத் தை, பெப்ரவரியை மாசி என்றுதான் எழுதுவா. நான் வாயில் வந்ததைச் சொல்ல, அவ புத்தகத் தமிழாக்கி எழுதுகிறா. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்வேன். நான் சொல்லாத ஒரு சொல் புகுந்தாலும் பிடித்துவிடுவேன். நேற்று ‘நிற்க’ என்று ஒன்றைப் புகுத்தினா. எடுக்கச் சொல்லிவிட்டேன்.

கொண்டாட்டங்களுக்கு என்னைக் காரில் ஏற்றிப் போகிற பிரதீபனை மார்கழியில் கோயிலில் கண்டேன். உன்னுடைய குடியுரிமை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றான். காரணம், காரில் கத்தி வைத்திருந்த குற்றமாம். தண்டம் கட்டினவர்கள் ஆறு வருடம் காத்திருந்துதான் திரும்பக் கேட்கலாமாம். 

அந்தக் கத்தி என்னுடையது. அன்று உன் பக்கத்துச் சீற்றில் இருந்தவனும் நான். பொலிஸ் கேட்டதற்கு ஓம் என்று சொல்லச் சொன்னவனும் நான். ஆகவே அந்தக் குற்றத்தை உன் பெயரிலிருந்து நான் கழற்றிவிடுவேன். எப்படியென்று கேட்காதே. நடந்ததெல்லாம் என் தலையில் ஒரு மணித்தியாலம் பிசகாமல் இருக்கிறது. இந்த டென்மார்க்கில் எழுதினதைத்தான் நம்புவார்கள் என்றால், எழுத யோகம்மா இருக்கிறா.

ஒரு சட்டத்தரணியைப் பிடி. மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

அம்மான்


ஹ்விடோவ்ரே
26.01.2025

அம்மானுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று நாள் மேசையில் வைத்திருந்துவிட்டுத்தான் திறந்தேன்.

“மிச்சத்தை நான் பார்க்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வேண்டிய நேரத்தில் நீங்கள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு ஞாபகசக்தி அதிகமென்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. சொல்கிறேன்.

ஸ்கீவவில் நிறோஷினி பெரியபிள்ளையான சாமத்தியவீடு முடிந்து, உங்களை பிராண்டேயில் இறக்கிவிடக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஹேர்னிங் தாண்டியதும் பொலிஸ் மறித்தது. சும்மா சோதனை. ஒரு பொலிஸ்காரி கதவைத் திறந்து, குனிந்து, என் சீற்றுக்குக் கீழேயிருந்து துவாயில் சுற்றிய பொதி ஒன்றை எடுத்தா. விரித்தால் ஒரு சாண் அலகுக் கத்தி. “இது எதற்கு?” என்று கேட்டா. மரியாதையாகத்தான் கேட்டா. பிறகு, “உங்களுடையதா?” என்றும் கேட்டா. உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? “விளக்கம் ஒண்டும் சொல்லாத பிள்ளை. ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா, போவம்.” உங்களுடையது என்று ஒரு சொல் சொல்லவில்லை. நான் ஓம் என்றேன்.

பிறகு அரசாங்கக் கடிதங்கள் வரும் இணையத் தபால்பெட்டியில், ஈ-பொக்ஸில், தண்டக் கடிதம் வந்தது. குற்றத்தை ஏற்காவிட்டால் கட்டாமல் விடலாம், வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் என்று அதிலேயே எழுதியிருந்தது. உங்களுக்குப் போன் எடுத்து அதை வாசித்துக் காட்டினேன். “கட்டிப்போட்டு விடு பிள்ளை, கோட்டு வாசல் எங்களுக்கு வேண்டாம்” என்றீர்கள். கட்டினேன். கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். தீர்ப்பு வந்ததற்குச் சமன். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பதினாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன். இப்போது நாற்பத்திரண்டு. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் முப்பது பேரின் அறைத் திறப்புகள் என் இடுப்பில் தொங்குகின்றன. பதிவேட்டில் நான் ஆயுதம் வைத்திருந்தவள்.

ஸ்ரெபானி என்றொரு சட்டத்தரணியைச் சந்தித்தேன். பாசையூர்க்காரர் ஒருவரின் மகள். தமிழ் விளங்கும், பதில் டெனிஷில்தான் வரும். ஒத்துக்கொண்ட தண்டத்தைத் திறப்பது கஷ்டம், ஆனால் முடியாததில்லை என்கிறா. அப்போது யாருக்கும் தெரியாத புதிய சாட்சியம் இருந்தால் மனுப் போடலாம். உங்கள் பெயரில் ஒரு வாக்குமூலம் எழுதித் தந்திருக்கிறா. இதனுடன் வைத்திருக்கிறேன். நாலே வரி.

ஒன்று, கத்தி உங்களுடையது. இரண்டு, கொண்டாட்டங்களில் வாழை வெட்டுவதற்காக வாங்கியது. மூன்று, அதைச் சாரதி சீற்றுக்குக் கீழே வைத்தது நீங்கள். நாலு, கத்தி காரில் இருப்பது சுஜீதாவுக்குத் தெரியாது.

யோகம்மா அன்ரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கைநாட்டு வைத்து அனுப்புங்கள். வேறொன்றும் வேண்டாம்.

சுஜீதா


பிராண்டே
9 மாசி 2025

பிள்ளை சுஜீதா,

உன் கடிதத்தை யோகம்மா இரண்டு தரம் வாசித்தா. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தா. வாசியுங்கோ என்றேன். உள்ளதுதானே.

முதல் மூன்று வரிக்கும் பெருவிரல் வைத்திருக்கிறேன். நாலாவது வரிக்கு இல்லை. அந்த இடம் வெறுமையாக வருகிறதென்று திடுக்கிடாதே. மறந்து விட்டதல்ல.

அன்றைய நாளை நான் சொல்கிறேன், ஸ்ரெபானியிடம் கொடு. 2022 புரட்டாதி மூன்று, சனிக்கிழமை. காலை ஏழு பத்துக்குப் பிரதீபன் என்னை ஏற்றினான். மண்டப வாசலுக்குக் கட்ட நாலு வாழை, ஒல்லாந்திலிருந்து வந்தவை, இரண்டில்தான் குலை. மண்டபக்காரன் பீட்டர் என்றொரு வெள்ளைக்காரன், இடது காதில் கேட்கும் மெசின் போட்டிருந்தான். நிலத்தில் ஒரு இலை கிடந்தாலும் மண்டபத்தைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தான். அதனால்தான் எல்லாம் முடிந்ததும் வாழையைத் தறித்து, துண்டு போட்டு, கறுப்புப் பையில் கட்டும் வேலை எனக்கு. பதினெட்டு வருடமாக யார் வீட்டுக் கொண்டாட்டத்திலும் அந்த வேலை எனக்குத்தான். அதற்குத்தான் கத்தி. ஹேர்னிங் தமிழ்க்கடையில் வாங்கினது, பிடியில் சிவப்பு நாடா சுற்றினது.

நாலு இருபதுக்குத் தறிக்கத் தொடங்கினேன். உள்ளே பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரப் பெடியன் லவன் கமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, “அப்பு, இஞ்ச பாருங்கோ, ஹீரோ மாதிரி வெட்டுங்கோ” என்றான். நான் வெட்டினேன். அவன் எடுத்தான். நான் வெட்டி முடித்த பிறகும் எடுத்துக்கொண்டுதான் நின்றான்.

அந்த வீடியோவைப் பார், பிள்ளை. நாலாவது வரிக்கு நான் ஏன் விரல் வைக்கவில்லை என்பது அதில் இருக்கிறது. என் வாயால் அதைச் சொல்லவேண்டுமென்றால் அது யோகம்மாவின் கையால்தான் போகவேண்டும். அப்படிப் போகக் கூடாத விசயம். இதைச் சொன்னதும் அவ பேனையை வைத்துவிட்டு, “இருபத்தாறு வருசம் பிள்ளையளின்ர ரிப்போட்டை வீட்டுக்குக் கொண்டுபோனனான், ஒண்டு வெளிய போகேல்லை” என்றா. அவவுக்குக் கோபம். என்ன செய்ய, எனக்கு எழுதத் தெரிந்திருந்தால் தனியே எழுதியிருப்பேன். நீ போனை எடுத்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

வழக்கைப் பற்றிப் பயப்படாதே. இது வெல்லும்.

அம்மான்


ஹ்விடோவ்ரே
18.02.2025

அம்மான்,

மூன்று விரலடையாளமும் ஒரு வெற்றிடமும் வந்து சேர்ந்தன.

ஸ்ரெபானியிடம் காட்டினேன். நாலாவது வரி இல்லாவிட்டால் மிச்சத்தால் பெரிய பிரயோசனம் இல்லை என்றா. ஏன் அவர் வைக்கவில்லை என்று கேட்டா. 

எனக்குத் தெரிந்த ஒரே காரணம், உங்களுக்கு இன்னும் பயம். நான் அறியவில்லை என்று நீங்கள் எழுதித் தந்தால், கத்தி வைத்த குற்றம் உங்கள் தலைக்கு வரும். எழுபத்தெட்டு வயதில் பொலிஸ் கதவைத் தட்டுமென்று யோசிக்கிறீர்கள். அன்று ஹேர்னிங் ரோட்டில் இருந்த அதே ஆள்தான் நீங்கள்.

வீடியோ பார் என்கிறீர்கள். நாலரை மணித்தியால சாமத்தியவீட்டு வீடியோ. பிள்ளைகள் ஆடுவதையும் ஆட்கள் சாப்பிடுவதையும் பார்த்து நான் என்ன கண்டுபிடிக்கப் போகிறேன்? நீங்கள் வாழை வெட்டினீர்கள் என்பதையா? அது உலகத்துக்கே தெரியும்.

அம்மா இருந்திருந்தால் உங்களிடம் நான் கேட்டிருக்கவே மாட்டேன். அவ கேட்டிருப்பா.

சுஜீதா


பிராண்டே
2 பங்குனி 2025

பிள்ளை,

பயமா என்று கேட்டாய். அன்று இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன். இதை யாரும் எழுதலாம், யாரும் வாசிக்கலாம்.

1988 ஆனி பதினேழு, வெள்ளிக்கிழமை. புகையிலை வெட்டிவிட்டு வருகிறேன், மடியில் வளைந்த கொடுக்குக் கத்தி. சந்தியில் பட்டாளம் வரிசையில் நிறுத்தியது. எனக்கு முன்னால் வைரவி, அவனும் புகையிலைத் தோட்டக்காரன், அவனிடமும் கத்தி. இது என்ன என்று கேட்டார்கள். வைரவி நல்லாய்க் கதைக்கக்கூடியவன். தோட்டம் எங்கே, எத்தனை கன்று, இந்த அலகு ஏன் வளைந்திருக்கிறது, எல்லாம் கைகாட்டி விளங்கப்படுத்தினான். பத்து நிமிசம். அடுத்தது நான். இது உன்னுடையதா என்றார்கள். “ஓம் ஐயா.” ஒரு அறை விழுந்தது, போ என்றார்கள். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன். விளக்கம் சொன்ன வைரவி வரவில்லை. அவனுடைய மனிசி சந்தியில் நின்று போகிற வாற எல்லோரையும் கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. நீல நிறச் சீலை.

அந்தப் பொலிஸ்காரி உன்னிடம் இது எதற்கு என்று கேட்டபோது எனக்கு அந்த வரிசைதான் தெரிந்தது. முப்பத்துநாலு வருடமாக ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டிருந்து, அதை உன் தலையில் இறக்கிவிட்டேன். அது பிழை. அவ உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டா. நான்தான் உன் வாயை அடைத்தேன். தண்டக் கடிதம் வந்தபோதும் அடைத்தேன். அந்தப் பிழைக்கு என்ன பேர் வைத்தாலும் ஏற்கிறேன்.

ஆனால் இப்போது பயமில்லை. குற்றம் என் தலைக்கு வரட்டும், நான் தாங்குவேன். அதற்காக அல்ல அந்த வரியை விட்டது. அந்த வரி உண்மையல்ல, பிள்ளை. அவ்வளவுதான் யோகம்மாவைக் கொண்டு எழுதுவிக்கலாம்.

பிரதீபன் வியாழக்கிழமை கோப்பன்ஹேகன் பக்கம் வேலைக்கு வருகிறான். லவனிடம் வாங்கிய பென் டிரைவைக் கொடுத்து விடுகிறேன். முழுக்கப் பார்க்கத் தேவையில்லை. ஐஸ்கிரீம் கொடுக்கிற இடத்துக்குப் போ. சின்னப் பெடியன் ஒருவன் கோப்பையைக் கீழே போட்டு அழுவான். அதற்குப் பிறகு கமரா வாசலுக்கு வரும். நான் வெட்டி முடித்ததும் நிறுத்திவிடாதே. பார்த்துக்கொண்டிரு. தனியே இருந்து பார்.

அம்மான்


ஹ்விடோவ்ரே
16.03.2025

அம்மான்,

பார்த்தேன்.

மூன்று மணித்தியாலம் பன்னிரண்டாவது நிமிடம். பெடியன் கோப்பையைப் போடுகிறான். கமரா வாசலுக்கு வருகிறது. நீங்கள் கடைசி வாழையைத் தறித்துவிட்டு, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்க்கிறீர்கள். பச்சைச் சீலை கட்டின ஒருத்தி படத்துக்குள் வருகிறாள். அவள் சொல்கிறாள்:

“அம்மான், இதைக் கையில வச்சுக்கொண்டு எங்க திரியிறியள்? பிள்ளையள் ஓடித் திரியுதுகள்.”

“அப்ப எங்க வைக்க?”

“இஞ்ச தாங்கோ. துவாயில சுத்துவம். பின்னால துஷாரா இருப்பாள், அங்க வேண்டாம். என்ர சீற்றுக்குக் கீழ வையுங்கோ. நான் உங்களை இறக்கேக்க எடுத்துத் தாறன்.”

தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவளே சுற்றுகிறாள். சுற்றிவிட்டு லவனைப் பார்த்து, “இதையெல்லாம் ஏனடா எடுக்கிறாய்?” என்று சிரிக்கிறாள்.

அது என் குரல். என் துவாய். நான் அதை நாலு தரம் பார்த்தேன். நாலு தரமும் வேறு யாரோ பேசுவதுபோலத்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஞாபகம் இல்லை. அன்று காலை ஐந்து மணிக்கு எழும்பினேன். நூற்றைம்பது பேருக்குப் பரிமாறினேன். பொலிஸ்காரி அந்தப் பொதியை விரித்தபோது முதல்முதலாகக் காண்பதுபோல்தான் கண்டேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொன்ன கதை, அம்மான் எனக்குச் சொல்லாமல் என் காரில் ஒளித்தார் என்பது. இரண்டரை வருடம் அந்தக் கதையில்தான் உங்களோடு கோபமாக இருந்தேன்.

உங்களுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு ஏன் சொல்லவில்லை? நான் போனை வைக்கிற அன்றைக்கே “நீதானே பிள்ளை வைக்கச் சொன்னாய்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

இப்போது வேறு பிரச்சினை. எனக்குத் தெரியாது என்று ஸ்ரெபானியிடம் சொல்லியிருக்கிறேன். மனு அதன்மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது, இன்னும் அனுப்பவில்லை. இந்த வீடியோவைக் கொடுத்தால் என் வாயே எனக்கு எதிர்ச் சாட்சி. கொடுக்காவிட்டால் ஒன்றுமில்லை. நான் படத்துக்குள் வருகிற இடம் நாற்பது விநாடி. அதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டு, நீங்கள் வாழை தறிக்கிறதை மட்டும் கொடுக்கலாம். துஷாராவுக்கே அது செய்யத் தெரியும். லவன் வாய் திறக்கமாட்டான்.

வெட்டட்டுமா, அம்மான்? நீங்கள் சொல்லுங்கள்.

சுஜீதா


பிராண்டே
23 பங்குனி 2025

சுஜீதா,

வெட்டாதே.

உன் கடிதத்தை வாசித்தது யோகம்மாதான், வேறு யார் வாசிப்பது. ஆகவே அவவுக்கும் தெரிந்துவிட்டது. வெளியே போகாது. வாசித்து முடித்துவிட்டு, “இதுக்கே அண்ணை என்னை நம்பாம இருந்தனியள்?” என்று கேட்டா. இரண்டு நாள் எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. இன்று தந்தா.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். நீ போனில் கத்தினபோது எனக்கு விளங்கியது, நீ உண்மையாகவே மறந்துவிட்டாய் என்று. மறந்தவளிடம் நான் அதைச் சொன்னால் எப்படிக் கேட்கும்? கிழவன் தன் பிழையை என் தலையில் போடுகிறான் என்றுதான் கேட்கும். அதுவுமில்லாமல், ஓம் சொல்லச் சொன்ன குற்றம் எனக்கு இருந்தது. என்மேல் கோபிக்க உனக்கு வேறு நல்ல காரணம் இருக்கும்போது, இந்தக் காரணம் பிழை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது. கோபித்துவிட்டு வருவாள் என்று இருந்தேன். இவ்வளவு காலம் எடுப்பாய் என்று நினைக்கவில்லை. உன் தாயும் அப்படித்தான், ஒரு ஆட்டுக்குட்டிக்காக என்னோடு ஒரு வருடம் கதைக்காமல் இருந்தவ.

இப்போது வழக்கைக் கேள். நீயும் ஸ்ரெபானியும் படித்தவர்கள், பிழையான இடத்தில் நிற்கிறீர்கள். தெரியுமா தெரியாதா என்பதில் என்ன இருக்கிறது? கத்தி வைத்திருப்பதே குற்றமென்றால் தச்சனும் மீன்காரனும் இந்த நாட்டில் காரோட முடியாது. அந்தப் பொலிஸ்காரி கேட்ட கேள்வி, இது எதற்கு என்பது. அதற்குத்தான் சட்டம் பதில் கேட்கிறது. அந்தப் பதிலைத்தான் நான் சொல்லவிடவில்லை. அந்த நாற்பது விநாடியில் என்ன இருக்கிறது? ஒரு பெண் வேலை முடிந்த கத்தியைப் பிள்ளைகளின் கை படாமல் துவாயில் சுற்றி, உடைமைக்காரனை வீட்டில் இறக்கும்போது கொடுப்பேன் என்கிறாள். யாரையும் குத்தப் போகிறவள் இப்படியா சொல்வாள்? உன்னைக் காப்பாற்றுவதே அந்த நாற்பது விநாடிதான். அதை வெட்டிவிட்டால், சும்மா ஒரு கிழவன் வாழை வெட்டுகிறான். அதற்கு யார் தண்டத்தைக் கழற்றுவார்கள்?

ஸ்ரெபானியிடம் போ. முதலில் சொன்னது பிழை, மறந்துவிட்டேன் என்று சொல்லு. மறந்ததை மறந்தேன் என்று சொல்ல வெட்கப்படாதே. நாலாவது வரியை எடுத்துவிட்டு அதன் இடத்தில், சுஜீதா சுற்றித் தந்தாள், கொண்டாட்டம் நடந்த இடத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்தோம், இடையில் எங்கும் நிற்கவில்லை என்று எழுதச் சொல்லு. அதற்கு ஒரு விரலல்ல, பத்து விரலும் வைப்பேன்.

உன் இலக்கத்தில் என்னை மறித்து வைத்திருக்கிறாயே, அதை அவசரமாக எடுக்கத் தேவையில்லை. கடிதம் எழுதுவது யோகம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

அம்மான்


ஹ்விடோவ்ரே
09.11.2025

அம்மானுக்கு,

வியாழக்கிழமை நீதிமன்ற வாசலில் உங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. பிரதீபன் கார் நிறுத்தின நேரம் முடிகிறதென்று பறந்தான். அதோடு எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் சாட்சி என்பதால் ஒன்றரை மணித்தியாலம் வெளியே வாங்கில் இருத்தி வைத்தார்கள். உள்ளே என்ன நடந்ததென்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் காணாத ஒரு பகுதியாவது இருக்கட்டுமென்று நினைத்தேன், மனம் கேட்கவில்லை.

ஸ்ரெபானி மனு எழுதினதும், ஆவணியில் மேலிடம் வழக்கைத் திறக்கச் சம்மதித்ததும் உங்களுக்குத் தெரியும். அவ பயந்தது ஒன்றுக்குத்தான். ஒருதரம் ஒத்துக்கொண்டவள் இப்போது ஏன் மாற்றிச் சொல்கிறாள் என்று கேட்பார்கள், அதற்குப் பதிலைத் தயார் செய் என்றா. நான் இரவுபகலாகத் தயார் செய்தேன். கேட்டபோது அதை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். அந்தப் பெடியன் கோப்பையைப் போட்டு அழுவதிலிருந்து. நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு அரச தரப்பு வழக்கறிஞர் எழும்பினார். இளம் ஆள்.

“கத்தி காரில் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன்.”

“அப்படியானால் பொலிஸ் கேட்டபோது ஏன் அதைச் சொல்லவில்லை?”

“அந்த நேரம் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அதோடு, ஒன்றும் சொல்ல வேண்டாமென்று அம்மான் சொன்னார்.”

“தண்டத்தைக் கட்டியதும் அவர் சொல்லித்தானா?”

“ஓம்.”

“உங்களுடைய மாமா சொல்வதை எல்லாம் நீங்கள் கேட்பீர்களா?”

“இல்லை. அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அவரோடு நான் கதைக்கவே இல்லை.”

நீதிபதி குனிந்து எதையோ எழுதுவதுபோல இருந்தா. தோள் குலுங்கியது, அம்மான். சிரித்தா. மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த நரேஷ், சென்னைக்காரர், அவரும் வாயைப் பொத்தினார். வழக்கறிஞர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்படியானால் இப்போது?” என்று கேட்டார். இப்போது அவர் வெளியே வாங்கில் இருக்கிறார் என்றேன்.

அப்போதுதான் உங்களைக் கூப்பிட்டார்கள்.

மிச்சம் நீங்கள் அறிந்தது. தீர்ப்பின் எழுத்துப் பிரதி நேற்று வந்தது. குற்றமற்றவள் என்று ஒரு வரி. காரணம் அரைப் பக்கம். கத்தி ஒரு நியாயமான வேலைக்காகக் கொண்டுபோகப்பட்டது, வேலை முடிந்து நேரே திரும்பிக்கொண்டிருந்தது, அது கவனமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். துவாயைக்கூட எழுதியிருக்கிறார்கள். துஷாரா அதை டெனிஷில் சத்தமாக வாசித்தாள். குடியுரிமைக்குத் திரும்ப விண்ணப்பிக்க நாளை கந்தோருக்குப் போகிறேன்.

உங்கள் இலக்கத்தைத் திறந்துவிட்டேன். யோகம்மா அன்ரியிடம் சொல்லுங்கள், கடிதத்தையும் நிறுத்தமாட்டேன்.

சுஜீதா


பிராண்டே
16 கார்த்திகை 2025

பிள்ளை சுஜீதாவுக்கு,

எங்கள் சந்தியில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தக் கடிதத்தை யோகம்மா கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு நான் கூட நடக்க வேண்டுமாம். நடக்கிறேன்.

நீதிபதி குனிந்து சிரித்த இடத்தை மூன்று தரம் வாசிப்பித்தேன். என் தங்கச்சி கேட்டிருந்தால் உன் காதைப் பிடித்துத் திருகியிருப்பா, கோட்டிலே வைத்துத் தாய்மாமனை விற்றாய் என்று. நல்லாய் விற்றாய்.

நீ எனக்குச் சொன்னாய், நான் உனக்குச் சொல்கிறேன். நீ பின்னால் இருந்ததால் அந்த நீதிபதி மனிசியின் முகம் எனக்குத் தெரிந்தமாதிரி உனக்குத் தெரிந்திருக்காது. நான் உள்ளே போய், பெயர் சொல்லி, உண்மை சொல்லுகிறேன் என்று ஒத்துக்கொண்டதும், அவ கேட்டது இதைத்தான். அந்தக் கத்தி எதற்கு?   வாழை ஒல்லாந்திலிருந்து வந்ததிலிருந்து தொடங்கினேன். ஏன் வாசலில் கட்டுகிறோம், ஏன் குலை உள்ள வாழைதான் வேண்டும், பீட்டரின் மண்டபம், கறுப்புப் பை, வாழைப்பால் பட்டால் சீமெந்தில் கறை போகாது, எல்லாம் சொன்னேன். ஸ்ரெபானி கண்ணைக் காட்டினாள், போதும் என்று. நான் விடவில்லை. நரேஷ் தம்பி ஓரிடத்தில், “ஐயா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, எல்லாத்தையும் சொல்லணும்ல” என்றார். சொல்லுங்கோ தம்பி, எனக்கு அவசரமில்லை என்றேன்.

இருபத்திரண்டு நிமிசம். சுவரில் மணிக்கூடு இருந்தது. அந்த மனிசி ஒருதரமும் மறிக்கவில்லை. வாழைப்பால் என்ற இடத்தில் பேனையைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்டா. நான் முடித்ததும், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டா. என் வயதில் இதுவரை உத்தியோகத்தில் இருக்கிற ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

கத்தி பொலிசிடம்தான் இருக்கிறது. திருப்பித் தருவார்களாம், வந்து எடுக்கட்டாம். தையில் எங்கள் உறவுக்காரப் பிள்ளை சாரங்கிக்குக் கலியாணம், எட்டு வாழை. ஆகவே எடுக்கத்தான் வேண்டும். நீ வந்து கூட்டிக்கொண்டு போ. வரும் வழியில் எவன் மறித்தாலும் நீயே முதலில் வாயைத் திற. நீ முடித்ததும் என்னையும் சொல்லவிடு. கொஞ்சம் நேரம் எடுக்கும், பெற்றோலை நிரப்பிக்கொண்டு வா.

அம்மான்